சத்தம் வருது, படம் வரல

1/
"சார், சத்தம் வருது. படம் வரல."

போன மாசம் ஒரு புதன்கிழமை மதியம் எங்க ஆஸ்பத்திரி செமினார் ரூம்ல ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சொன்ன வாக்கியம் இது. அந்த ஒரு வாக்கியத்தோட பின்னால ரெண்டு நாள் அலைஞ்சேன். அந்தக் கதையும், உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ இரண்டாவது மானிட்டர்லயோ டிவியிலயோ வீடியோ ஓடாம மக்கர் பண்ணினா என்ன செய்யலாம் என்பதும் இந்தத் தொடர் பதிவில். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
முதலிலேயே சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. எம்பிபிஎஸ் படித்த, ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சாதாரண டாக்டர். காலையில் ஓபி, வாரத்தில் இரண்டு நாள் நைட் டூட்டி. நடுவில் நர்ஸ்களுக்குப் பயிற்சி நடத்தும் வேலையும் உண்டு. "சார் சின்ன வயசு, லேப்டாப் எல்லாம் தெரியும்" என்று ஒருமுறை யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பிரிண்டர் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

3/
பயிற்சி எதற்கு? பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது எப்படி என்பதற்கு.

பெரும்பாலான குழந்தைகள் வெளியே வந்ததும் தானே அழுதுவிடும். சில குழந்தைகள் அழாது. துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டும் மூச்சு வரவில்லை என்றால், பிறந்து 60 விநாடிக்குள் பேக், மாஸ்க் வைத்து காற்று கொடுக்க ஆரம்பிக்கணும். இதை 'பொன்னான நிமிடம்' என்போம். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. "அமுக்கு, ரெண்டு, மூணு... அமுக்கு, ரெண்டு, மூணு..." என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யணும். நெஞ்சு மெல்ல எழும்பி இறங்கணும். அதுதான் காற்று உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம்.

4/
இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் எங்க குழந்தைகள் நல டாக்டரே பொம்மையில் செய்துகாட்ட, அவருடைய புது போனில் ஆறு நிமிட வீடியோ எடுத்தோம். அருமையா வந்திருந்தது. முகத்தில் மாஸ்க் உட்காரும் இடம், விரல்கள் பிடிக்கும் விதம், நெஞ்சு எழும்புவது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்து 22 நர்ஸ்கள் வருகிறார்கள். அதற்கு முன் புதன்கிழமை எங்க லேபர் வார்டு நர்ஸ்கள் ஐந்து பேரோடு ஒரு ஒத்திகை. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, சுவரில் இருந்த டிவியை இரண்டாவது திரையாக்கி, வீடியோவை அங்கே இழுத்துவிட்டேன்.

டிவி கறுப்பு. சத்தம் மட்டும் கணீர்னு கேட்குது.

5/
லேப்டாப் திரைக்கு இழுத்தால் படம் ஓடுது. டிவிக்கு இழுத்தால் கறுப்பு. திரும்ப இழுத்தால் ஓடுது.

ஓபியில் கூட்டம் காத்திருக்கு. ஐந்து பேரும் டூட்டியில் இருந்து எழுந்து வந்தவர்கள். நான் ஒரு முடிவெடுத்தேன். "சரி, சத்தத்தைக் கேளுங்க. என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்." கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி ஆறு நிமிடமும் பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்."

எனக்கும் திருப்திதான். அப்புறம் பொம்மையை மேசையில் வைத்தோம்.

6/
வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆன ஒரு நர்ஸ். முதல் ஆளாக வந்தார். மாஸ்க்கை வைத்தார். எண்ண ஆரம்பித்தார். "அமுக்கு, ரெண்டு, மூணு... அமுக்கு, ரெண்டு, மூணு..." தாளம் அச்சுப் பிசகாம இருந்தது. வீடியோவில் கேட்ட அதே வேகம். குரலில் நடுக்கம்கூட இல்லை.

பொம்மையின் நெஞ்சு ஒரு தடவைகூட எழும்பல.

மாஸ்க்கின் ஓரத்தில் 'புஸ்... புஸ்...' என்று காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் முழு நிமிடமும் சரியாக எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா சார்?"

7/
கணக்கு சரி. காத்து உள்ள போகல.

மாஸ்க்கைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைந்து ஆங்கில 'சி' எழுத்து மாதிரி மாஸ்க்கின் மேலே. மற்ற மூன்று விரல்களும் 'ஈ' எழுத்தின் மூன்று கோடுகள் மாதிரி தாடை எலும்பின் கீழே. மாஸ்க்கை முகத்தில் போட்டு அமுக்கக் கூடாது. தாடையை மாஸ்க்கை நோக்கித் தூக்கணும். இதைத்தான் கமென்ட்ரியில் நான் இரண்டு முறை சொன்னேன். அவரும் இரண்டு முறை கேட்டார். பார்க்கல.

அன்றைக்கு அது பொம்மை. அந்த நர்ஸுக்கு அடுத்த வாரம் நைட் டூட்டி. லேபர் வார்டில்.

அப்போதான் உறைத்தது. இது கேபிள் பிரச்சனை, பிறகு பார்த்துக்கலாம் என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

8/
வியாழக்கிழமை எனக்கு நைட் டூட்டி. இரவு ஒன்பது மணிக்கு வார்டு அமைதியானதும் பக்கத்து செமினார் ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

என்ன செய்தேன்? எல்லாத்தையும் செய்தேன். கேபிளை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். பிளேயரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ரெசல்யூஷனை மாற்றினேன். சவுண்ட் செட்டிங்கில் எதையோ கிளிக் செய்தேன். டிவி மெனுவில் போய் நாலு விஷயத்தைத் திருகினேன். எல்லாம் 20 நிமிடத்துக்குள்.

கடைசியில் படமும் வரல, இருந்த சத்தமும் போச்சு. எதனால் போனது என்றும் தெரியல.

காய்ச்சல் என்று வந்தவருக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் பார்க்காமல் ஐந்து மருந்தை ஒரே நேரத்தில் எழுதிக் கொடுத்த கதைதான். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் அதே கதி.

9/
இந்த இடத்தில் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லணும்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். இரவு ஒரு மணி. ஐசியூவில் ஒரு தாத்தாவின் மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. அலாரம் அலறுது. நான் ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்து அமுக்கத் தயாராகிட்டேன். தாத்தா கண்ணைத் திறந்து "என்ன தம்பி?"ன்னு கேட்டார். பின்னாலேயே வந்த சிஸ்டர் அமைதியாகச் சொன்னார், "சார், லீடு கழண்டிருக்கு."

நேர்க்கோடு தெரிந்தால் முதலில் நோயாளியைப் பார், நாடியைப் பார், பிறகு லீடு சரியாக ஒட்டியிருக்கிறதா பார் என்பது புத்தகத்தில் இருக்கும் பாடம்தான். அவசரத்தில் மறந்துபோகும். மானிட்டர் காட்டுவது வேறு, உள்ளே நடப்பது வேறு. நடுவில் ஒரு வயர் இருக்கு.

10/
சரி என்று எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். ஒரு ஓபி சீட்டை எடுத்து பின்பக்கத்தில் கேஸ் ஷீட் மாதிரி எழுதினேன்.

நோய் எங்கே இருக்கலாம்? ஐந்து இடம். ஒன்று, வீடியோ ஃபைல். இரண்டு, அதை ஓட்டும் பிளேயர். மூன்று, லேப்டாப்பின் கிராஃபிக்ஸ். நான்கு, கேபிள். ஐந்து, டிவி.

விதி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றணும். மாற்றியதையும், என்ன ஆனது என்பதையும் எழுதணும். பலன் இல்லையென்றால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போகணும்.

11/
டிவியில் டெஸ்க்டாப் படம் தெரியுதா? தெரியுது. மவுஸ் நகருதா? நகருது. பவர்பாயின்ட் வருதா? வருது. அப்படியென்றால் கேபிளும் டிவியும் நிரபராதிகள். 20 நிமிடம் கேபிளைச் சந்தேகப்பட்டதற்கு மானசீகமாக மன்னிப்பு கேட்டேன்.

அதே வீடியோ லேப்டாப் திரையில் ஓடுதா? சுத்தமா ஓடுது. அப்படியென்றால் ஃபைல் கெட்டுப்போகவில்லை.

மிச்சம் இரண்டு பேர். பிளேயரும் கிராஃபிக்ஸும். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்காமல் கை வைத்துப் பார்த்தே பாதி இடங்களை விலக்கிவிடலாம். இதுவும் அப்படித்தான்.

12/
அப்போது எங்க லேபர் வார்டு சீனியர் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்.

"என்ன சார், இன்னும் இதோடயே உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

இந்த 'நீங்க போங்க'வை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கு. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற தொனி. அவர் போகல. கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"போன தடவை கை கழுவுற கிளாஸ் எடுத்தீங்களே, அன்னைக்கு இதே டிவியில படம் ஓடுச்சே சார். அன்னைக்கு உங்க லேப்டாப் இருட்டா இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டும் வெளிச்சமா இருக்கு."

13/
எழுந்து நின்றுவிட்டேன்.

விண்டோஸில் ஒரு குறுக்குவழி இருக்கு. விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தை அழுத்தினால் நாலு வழிகள் காட்டும். லேப்டாப் திரை மட்டும். இரண்டிலும் ஒரே படம். இரண்டு திரையையும் சேர்த்து ஒரே பெரிய மேசையாக நீட்டுவது. இரண்டாவது திரை மட்டும்.

கை கழுவும் வகுப்பன்று 'இரண்டாவது திரை மட்டும்' போட்டிருந்தேன். அதனால்தான் லேப்டாப் இருட்டாக இருந்தது. இந்த முறை என் குறிப்புகளை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் டிவிக்கு அனுப்ப, நீட்டும் வழியைப் போட்டிருந்தேன்.

மாற்றிப் பார்த்தேன். படம் வந்தது.

ஒரு மணி நேரமாக இயந்திரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். 'இது முதலில் எப்போது நன்றாக இருந்தது? அப்போதைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்?' என்று யாரிடமும் கேட்கல. ஓபியில் தினமும் கேட்கும் முதல் கேள்வி அது.

14/
ஆனால் அது முதலுதவி மட்டும்தான். சனிக்கிழமை எனக்கு லேப்டாப் திரையும் வேணும். 22 பேரின் செய்முறை மதிப்பெண் பட்டியல் அதில்தான் இருக்கு. அதனால் காரணத்தைத் தேடினேன்.

எளிமையாகச் சொல்கிறேன். வீடியோ ஃபைல் என்பது சுருக்கி மடித்து வைத்த பாய் மாதிரி. ஓட்டும்போது விரிக்கணும். விரிக்கும் வேலையை மெயின் பிராசஸர் செய்யாமல், அதற்கென்றே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பதுதான் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்'. வேகமாக நடக்கும், பேட்டரியும் மிச்சம்.

பல லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். பிராசஸரோடு சேர்ந்த ஒன்று, தனியாக ஒன்று. லேப்டாப் திரை ஒன்றோடும், எச்டிஎம்ஐ துளை இன்னொன்றோடும் இணைந்திருப்பதும் உண்டு. ஒரு சிப் விரித்த படத்தை இன்னொரு சிப்பின் திரைக்குக் கொண்டுபோகும் இடத்தில் டிரைவர் மென்பொருள் சொதப்பினால், கறுப்புத் திரை. சத்தம் வேறு பாதையில் போவதால் அது மட்டும் ஒழுங்காக வரும்.

15/
இது புது வியாதியும் இல்லை. பள்ளி, கல்லூரி காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். புரொஜெக்டரில் பவர்பாயின்ட் வரும், அதற்குள் இருக்கும் வீடியோ மட்டும் கறுப்புப் பெட்டியாக நிற்கும். அன்றைக்கு 'ஓவர்லே' என்ற முறையில் வீடியோவைத் தனி அடுக்காகத் திரையில் ஒட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு திரையில்தான் அது ஒட்டும், முதன்மைத் திரைக்குத்தான் அந்தப் பாக்கியம். 2007-இல் விஸ்டா வந்தபோது திரையை வரையும் முறையே மாறியது. அந்த வியாதி பெரும்பாலும் மறைந்தது. வேறு உருவத்தில் இப்போதும் எப்போதாவது தலைகாட்டுது.

16/
சிகிச்சை ஒன்று. விஎல்சி பிளேயரில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பக்கம் போய் ஹார்டுவேர் டீகோடிங்கை 'டிசேபிள்' செய்தேன். நீட்டும் வழியிலேயே டிவியில் படம் வந்தது.

சந்தோஷம் பத்து விநாடி. படம் விக்கி விக்கி ஓடுது. நெஞ்சு எழும்பும் இடத்தில் படம் நின்று, இறங்கிய பிறகு ஓடுது. லேப்டாப்பின் ஃபேன் மூச்சிரைக்குது.

மருந்தின் பக்கவிளைவு. சிப்பிடம் இருந்த வேலையைப் பிடுங்கி பிராசஸர் தலையில் கட்டிவிட்டேன். அதுவோ திணறுது. கறுப்புப் படத்தைவிட இது ஆபத்து. கறுப்பாக இருந்தால் தெரியவில்லை என்றாவது தெரியும். விக்கி ஓடும் படத்தைப் பார்த்து கற்றுக்கொண்டால், அந்தத் தவறான தாளம் கையில் ஏறிவிடும்.

17/
ஏன் திணறியது? புது போன் வீடியோவை 4கே அளவில், விநாடிக்கு 60 படம் என்று, எச்.265 முறையில் எடுத்திருந்தது. 4கே என்றால் 1080பி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள். எச்.265 என்பது 2013-இல் வந்த முறை. 2003-இல் வந்த எச்.264-ஐவிட ஃபைலை நன்றாகச் சுருக்கும். இறுக்கி மடித்த பாயை விரிக்க அதிக உழைப்பு வேணும்.

சிகிச்சை இரண்டு. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் 1080பி, விநாடிக்கு 30 படம், எச்.264 என்று மாற்றக் கொடுத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே லேபர் வார்டில் இருந்து அழைப்பு. போனேன். பெண் குழந்தை, வெளியே வந்ததும் ஊரைக் கூட்டியது. திரும்பி வந்தபோது மணி இரண்டு. ஃபைல் தயாராக இருந்தது. டிவியில் தண்ணீர் மாதிரி ஓடியது.

18/
மருத்துவம் படிக்கும்போது இரண்டு பாடம் சொல்வார்கள். எல்லா அறிகுறிக்கும் ஒரே காரணத்தைத் தேடு என்பது ஒன்று. ஒரே நோயாளிக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது மற்றொன்று. இங்கே இரண்டாவது பாடம்தான் ஜெயித்தது. கறுப்புத் திரைக்குக் காரணம் வேறு, விக்கலுக்குக் காரணம் வேறு. முதல் நோய் இரண்டாவதை மறைத்து வைத்திருந்தது.

மறுநாள் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் இருந்தே புது கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போட்டேன். ஹார்டுவேர் டீகோடிங்கை மறுபடி 'ஆன்' செய்தும் டிவியில் படம் வந்தது. முந்தின இரவு செய்தது அறிகுறிக்கு மருந்து. இதுதான் நோய்க்கு மருந்து.

19/
சரி, உங்களுக்கான குறிப்புகள். சேமித்து வைத்துக்கொள்ளுங்க.

அ) இரண்டாவது திரையில் எதுவுமே வரவில்லையா? கேபிள், டிவியின் இன்புட் எண், விண்டோஸ் + பி. இந்த மூன்றையும் முதலில் பாருங்க.

ஆ) மற்ற எல்லாம் வருது, வீடியோ மட்டும் கறுப்பா? கேபிளை விடுங்க. பிளேயரில் அல்லது பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்க. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் இருக்கும். நிறுத்தியபின் பிரவுசரை மூடித் திறக்கணும்.

இ) இரண்டாவது திரையை 'மெயின் டிஸ்பிளே' ஆக்கிப் பாருங்க. அதில் வந்தால் குற்றவாளி கிராஃபிக்ஸ் பக்கம்.

ஈ) திடீரென்று திரை உறைந்துவிட்டதா? விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B). கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் தட்டி எழுப்பும். வேலை எதுவும் அழியாது.

20/
உ) 4கே டிவியில் படம் வெட்டி வெட்டி ஓடுதா? டிஸ்பிளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட் பாருங்க. பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை என்றால் 4கே அளவில் விநாடிக்கு 30 முறைதான் படம் மாறும். 1080பி-க்கு இறக்கி 60 வைத்தால் பல நேரம் சரியாகும்.

ஊ) டெஸ்க்டாப்பில் ஒரு மானிட்டர் கிராஃபிக்ஸ் கார்டிலும் மற்றது மதர்போர்டிலும் செருகியிருக்கா? முடிந்தால் இரண்டையும் கார்டிலேயே செருகுங்க.

எ) சத்தம் லேப்டாப்பில் வராமல் போச்சா? எச்டிஎம்ஐ செருகியதும் சத்தம் டிவிக்குப் போயிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி மாற்றுங்க. வியாழக்கிழமை இரவு நான் தொலைத்த சத்தமும் இங்கேதான் கிடைத்தது.

ஏ) உதடும் சத்தமும் ஒட்டவில்லையா? புளூடூத் ஸ்பீக்கர் என்றால் சத்தம் பிந்தும், வயர் போடுங்க. படம் பிந்தினால் டிவியில் 'கேம் மோட்' போட்டுப் பாருங்க.

21/
ஐ) ஓடிடி படம் மட்டும் கறுப்பு, மற்ற எல்லா வீடியோவும் ஓடுதா? அது வேறு வியாதி. காப்புரிமைப் படங்கள் திருடப்படாமல் இருக்க எச்டிசிபி என்ற பூட்டு உண்டு. லேப்டாப், கேபிள், நடுவில் உள்ள பெட்டி, டிவி எல்லாமே அந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளணும். மலிவான ஸ்பிளிட்டரோ, எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் கன்வர்ட்டரோ நடுவில் இருந்தால் படம் வராது. அதை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்க.

செய்யக் கூடாதது இரண்டு. எடுத்த எடுப்பில் விண்டோஸை அழித்துப் போடாதீங்க. 'உங்கள் டிரைவர் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் சரி செய்கிறோம்' என்று வரும் விளம்பரத்தை நம்பி எதையும் இறக்காதீங்க. அது போலி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வதற்குச் சமம்.

22/
சனிக்கிழமைக்கு வருவோம்.

22 பேரோடு எங்க வார்டு நர்ஸ்களும் வந்திருந்தார்கள். வீடியோ போடும் முன் சொன்னேன், "இந்த டிவிக்கு என்ன நோய்னு கண்டுபிடிச்சது நான் இல்ல, நம்ம சிஸ்டர்தான்." கைதட்டினார்கள். அவர் கூச்சப்பட்டு, "நான் என்னத்தக் கண்டேன் சார். இருட்டா இருந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றார்.

படம் ஓடியது. பின்வரிசையில் அந்தப் புது நர்ஸ் கை தூக்கினார். "சார், நெஞ்சு எழும்புற இடத்த இன்னொரு தடவை போடுங்க." போட்டேன். "இன்னொரு தடவை சார்." போட்டேன். நாலு முறை. உட்கார்ந்த இடத்திலேயே இடது கையைக் காற்றில் வைத்து விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மையிடம் வந்தார். மாஸ்க்கை வைத்தார். முதல் அமுக்கில் நெஞ்சு எழும்பல. நிறுத்தினார். தலையை லேசாகச் சரி செய்தார். தாடையைத் தூக்கினார். "அமுக்கு, ரெண்டு, மூணு..."

எழும்பியது.

இந்த முறை முடித்துவிட்டு "சரியா சார்?" என்று கேட்கல. என் முகத்தையே பார்க்கல. பொம்மையின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

23/
அதற்குப் பிறகு ஓபியில் ஒரு விஷயத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆஸ்துமா நோயாளிகளுக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுப்போம். "குலுக்கி, மூச்ச வெளிய விட்டுட்டு, வாயில வச்சு அமுக்கி, மெதுவா இழுத்து, பத்து விநாடி அடக்குங்க. புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டாக்டர்." அடுத்தவர். வருஷக்கணக்காக இப்படித்தான்.

இப்போது மேசையில் ஒரு காலி இன்ஹேலர் வைத்திருக்கேன். நான் செய்து காட்டுகிறேன். பிறகு, "உங்களோடத எடுத்து நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்கிறேன். ஆறு மாதமாக மருந்து எடுத்தும் இளைப்பு குறையல என்று வந்த ஒரு அம்மா, இன்ஹேலர் மூடியைக் கழற்றாமலே வாயில் வைத்தார். ஆறு மாதத்தில் நான் ஒருமுறைகூட அவரைச் செய்து காட்டச் சொன்னதில்லை.

24/
என் திரையில் படம் ஓடுது என்பதால், எதிரில் இருப்பவர் திரையிலும் ஓடுது என்று அர்த்தமில்லை. தலையாட்டுவார்கள். "புரிஞ்சுது" என்பார்கள். சத்தம் போய்ச் சேர்ந்திருக்கும். படம் போய்ச் சேர்ந்ததா என்று எழுந்துபோய் அந்தப் பக்கத் திரையைத்தான் பார்க்கணும்.

அதனால் அடுத்த முறை எந்த டாக்டராவது உங்களுக்கு வேகமாக எதையாவது சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால், தலையாட்டாதீங்க. தைரியமாச் சொல்லுங்க:

"டாக்டர், சத்தம் வருது. படம் வரல. ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

கோபப்பட மாட்டோம். பட்டாலும் காட்டுவோம்.

வீட்டில் யாருக்காவது இன்ஹேலரோ இன்சுலின் ஊசியோ இருந்தால், இன்று இரவு அவரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பாருங்க.